குடியிருக்கும் வீட்டில் மராமத்து வேலை: வாடகைக்கு இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

காலை எட்டு மணிக்கு மேல்தளத்தில் டிரில் ஓட ஆரம்பிக்கும். பத்து மணிக்குக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். மதியம் கதவிடுக்கில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும். துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி படிந்திருக்கும். யாரைக் கேட்டாலும் "இன்னும் ரெண்டு நாள்தான்" என்பார்கள். அந்த ரெண்டு நாள் மூன்று மாதமாக நீண்ட ஒரு கட்டடத்தில் நான் வாடகைக்கு இருந்திருக்கிறேன். முதல் மூன்று வாரமும் வாய்ப்பேச்சிலேயே போயிற்று. கடைசியில் புகார் கொடுக்கப் போனபோது, எந்தெந்த நாள் தண்ணீர் நின்றது, யார் என்ன வாக்குக் கொடுத்தார் என்று கேட்டார்கள். என் கையில் ஒரு தாள்கூட இல்லை.

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் பலருக்கு இந்த விஷயத்தில் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் சுத்தியல் அடி விழுவதற்கு முன்பு எழுத்தில் என்ன வாங்கி வைத்திருக்கிறோம் என்பதுதான் இந்தத் தகராறுகளின் போக்கைத் தீர்மானிக்கிறது. முதன்முறையாக வாடகை வீட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து, செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன். சட்டம் ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு மாறும். அங்கங்கே சில நாடுகளின் விதிகளைச் சொல்வது, எதையெல்லாம் நியாயமாகக் கேட்கலாம் என்று உங்களுக்குத் தெரிவதற்காக. உங்கள் ஊர் விதியைக் கண்டிப்பாகத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வகை வேலை என்று முதலில் பிரியுங்கள்

ஒழுகும் கூரை, வெடித்த பைப், கருகிய வயரிங் இதெல்லாம் பழுதுபார்ப்பு. இதைச் செய்வது உரிமையாளரின் கடமை. வழிவிடுவது நம் கடமை. நன்றாக இருக்கும் டைல்ஸைப் பெயர்த்துப் புதிது போடுவது, சமையலறையை மாற்றிக் கட்டுவது, லிஃப்ட் வைப்பது இதெல்லாம் மேம்பாடு. வேலை முடிந்ததும் வாடகையைக் கூட்டச் சொல்லிக் கேட்பது பெரும்பாலும் இதை வைத்துத்தான். மூன்றாவது வகை, ஆள் இருந்தால் செய்யவே முடியாத வேலை. பெரிய சண்டைகள் எல்லாம் இங்கே பிறக்கின்றன.

காரணம், ஒரு வகைக்கு இன்னொரு வகையின் பெயரைச் சூட்டிவிடுவார்கள். "பைப் லைன் மாத்தணும், வீட்டைக் காலி பண்ணுங்க" என்று சொன்னால் உடனே பெட்டி கட்டாதீர்கள். "ஆள் இருக்கும்போது ஏன் செய்ய முடியாது?" என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் கேளுங்கள். ஒரு குளியலறையின் குழாய்களை மாற்றுவது பொதுவாகச் சில நாள் வேலை. தளத்தை உடைத்துப் புதிதாக வார்ப்பது அப்படியல்ல. கான்கிரீட்டின் பலத்தை 28 நாள் வயதில் அளப்பதே வழக்கம். வார்த்த பிறகும் பல நாள் கீழே முட்டுக்கொடுத்து வைத்திருப்பார்கள். அங்கே குடியிருக்க முடியாது என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

யார் எதைப் பழுதுபார்ப்பது என்பதில் சந்தேகம் வந்தால் ஒப்பந்தத்தைப் பாருங்கள். இந்தியாவின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் இதற்கு ஒரு பட்டியலே போட்டிருக்கிறது. கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பது, பைப் லைன் மாற்றுவது, மின் வயரிங் எல்லாம் உரிமையாளர் பக்கம். குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பக்கம். மாதிரிச் சட்டம் என்பதால் ஒவ்வொரு மாநிலமும் தனியாக ஏற்றுக்கொண்டால்தான் அங்கே செல்லும். ஆனால் புதிதாக ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்து எழுதிக்கொண்டால் பின்னால் பாதிப் பேச்சு மிச்சம்.

வாயால் சொன்னதைக் காகிதத்துக்குக் கொண்டு வாருங்கள்

ஜெர்மனியில் மேம்பாட்டு வேலைக்கு உரிமையாளர் மூன்று மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். என்ன வேலை, எவ்வளவு தூரம், எப்போது தொடங்கும், எத்தனை நாள் ஆகும், வாடகை கூடுவதாக இருந்தால் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும் இந்த ஐந்தையும் நீங்களே கேட்கலாம். கூடவே இரண்டு கேள்வி: தண்ணீர், மின்சாரம் எந்த நேரத்தில் நிற்கும்? வேலை நடக்கும்போது பொறுப்பாக யாரைக் கூப்பிடுவது?

உரிமையாளர் எழுதித் தரத் தயங்கினால், அவர் சொன்னதை நீங்கள் எழுதி அனுப்புங்கள். மின்னஞ்சலோ வாட்ஸப்போ போதும். மாதிரிக்கு ஒன்று:

"வணக்கம். நேற்று மாலை நீங்கள் வீட்டுக்கு வந்தபோது, வரும் திங்கள்கிழமை முதல் குளியலறைக் குழாய்களை மாற்றப்போவதாகவும் ஐந்து நாளில் முடிந்துவிடும் என்றும் சொன்னீர்கள். காலை 9 முதல் மாலை 5 வரைதான் ஆட்கள் வருவார்கள், மாலையில் தண்ணீர் வந்துவிடும் என்றும் சொன்னீர்கள். நான் புரிந்துகொண்டது சரியா என்று தெரிவியுங்கள். வேலைக்கு நான் ஒத்துழைக்கிறேன். வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் தூசி உள்ளே வராமல் மறைப்புக் கட்டச் சொல்லுங்கள்."

இதில் மிரட்டல் இல்லை, கோபம் இல்லை. ஆனால் நாள், நேரம், வாக்கு மூன்றும் பதிவாகிவிட்டன. "ஒத்துழைக்கிறேன்" என்ற வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நாளைக்கு விவகாரம் முற்றினால், வேலை செய்யவிடாமல் தடுத்தார் என்பதுதான் நம் மேல் முதலில் வரும் குற்றச்சாட்டு. அதற்கு இந்த ஒரு வரி பதில் சொல்லும்.

அனுமதி வாங்கினார்களா என்றும் கேளுங்கள். சுவரை இடிப்பது, தூணைத் தொடுவது போன்ற வேலைகளுக்குப் பல ஊர்களில் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். நியூயார்க் நகரில் ஆள் குடியிருக்கும் கட்டடத்தில் வேலை செய்ய, குடியிருப்போர் பாதுகாப்புத் திட்டம் என்று தனியாக ஒன்றைத் தாக்கல் செய்ய வேண்டும். வெளியேறும் வழி, தீ, தூசி, இரைச்சல் எல்லாவற்றுக்கும் என்ன ஏற்பாடு என்று அதில் சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்தின் நகலைப் பார்க்க வழி இருந்தால் பாருங்கள். நீங்கள் உள்ளே இருக்கும்போதே "காலிக் கட்டடம்" என்று குறித்திருந்தால் அதை உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.

வேலைக்கு முந்தின நாள்

பகல் வெளிச்சத்தில் வாசற்கதவிலிருந்து தொடங்கி ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். சுவர், கூரை, ஜன்னல் கண்ணாடி, அலமாரியின் உட்புறம். ஒவ்வொரு குழாயையும் திறந்து தண்ணீர் விழும் வேகத்தைக் காட்டுங்கள். விளக்குகளைப் போட்டு அணையுங்கள். மின் மீட்டரின் எண்ணைப் படம் எடுங்கள். வேலைக்காரர்களின் இயந்திரங்கள் உங்கள் பிளக்கில் ஓடினால் அந்த யூனிட் யார் கணக்கில் போனது என்று பிறகு சொல்ல அதுதான் ஆதாரம்.

சுவரில் ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் சின்னக் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். பத்து நாள் கழித்து விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் யாரும் மறுக்க முடியாது. எங்கள் படுக்கையறைச் சுவரில் இரண்டாவது மாதம் போட்ட கோட்டை நான்கு விரல் அளவு தாண்டிப் போயிருந்தது. அதைக் காட்டிய பிறகுதான் இன்ஜினியரை வரவழைத்தார்கள்.

தூசியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

இரைச்சல் அன்றைக்கே ஓய்ந்துவிடும். தூசி உடம்புக்குள் போனால் போனதுதான். அதனால் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கான்கிரீட், செங்கல், டைல்ஸ் இவற்றை அறுக்கும்போது கிளம்பும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அதன் நுண்துகள் நுரையீரலின் ஆழம் வரை போகும். பழைய பெயிண்டைச் சுரண்டினால் அதில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீடுகளுக்கு ஈயப் பெயிண்டை 1978-இல் தடை செய்தார்கள். அதற்கு முன் கட்டிய வீடுகளில் கூலிக்குப் பெயிண்டைச் சுரண்டவோ உடைக்கவோ செய்கிறவர்கள் பயிற்சிச் சான்று பெற்றிருக்க வேண்டும், குடியிருப்பவருக்கு முன்கூட்டியே தகவல் கையேடு தர வேண்டும் என்ற விதி 2010 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து அதிகம். பழைய கட்டடமாக இருந்தால் அஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். பிரிட்டனில் அதை முழுமையாகத் தடை செய்தது 1999-இல்தான். அதற்கு முந்தைய கட்டடங்களில் கூரைத் தகட்டிலும் குழாய் உறையிலும் தரை ஓட்டிலும் இன்னும் இருக்கலாம். அஸ்பெஸ்டாஸ் என்று சந்தேகம் வந்தால் உடைக்கவோ துளையிடவோ பெருக்கவோ விடாதீர்கள். முதலில் பரிசோதனை, பிறகு வேலை.

மேஸ்திரியிடமும் உரிமையாளரிடமும் கேட்க வேண்டியவை எளிமையானவைதான். வேலை நடக்கும் இடத்துக்கும் நீங்கள் இருக்கும் இடத்துக்கும் நடுவே கெட்டியான பிளாஸ்டிக் தாளைத் தரையிலிருந்து கூரை வரை கட்டி, நான்கு பக்கமும் டேப் ஒட்ட வேண்டும். வெறும் திரைபோலத் தொங்கவிட்டால் பயனில்லை. உடைப்பதற்கு முன் தண்ணீர் தெளிக்க வேண்டும். மாலையில் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சாதாரண வேக்குவம் கிளீனர் நுண்தூசியை ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் ஊதிவிடும்; ஹெப்பா ஃபில்டர் வைத்தது வேண்டும். உங்கள் பக்கத்தில் கதவடியில் ஈரத்துணியைச் சுருட்டி வையுங்கள். என்95 முகக்கவசம் தூசிக்கு உதவும். பெயிண்ட், தின்னர் வாடைக்கு உதவாது. அதற்கு ஜன்னலைத் திறப்பதும் வெளியே போவதும்தான் வழி.

தண்ணீர், படி, சாவி

தண்ணீரும் மின்சாரமும் சொன்ன நேரத்தைத் தாண்டி நின்றால் அன்றைக்கே எழுதித் தெரிவியுங்கள். காலி செய்ய வைப்பதற்காகவே இவற்றை நிறுத்துவது பல நாடுகளில் குற்றம் அல்லது அபராதத்துக்கு உரியது. மேலே சொன்ன மாதிரிச் சட்டமும் அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது.

மாடிப்படியில் மணல் மூட்டையும் சிமென்ட் மூட்டையும் அடுக்கி வழியை அடைத்திருந்தால் கடிதம் எழுதிக் காத்திருக்காதீர்கள். உரிமையாளரைப் போனில் கூப்பிடுங்கள். அன்றே நகர்த்தாவிட்டால் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். தீப்பிடித்தால் அந்தப் படிதான் உயிர் தப்ப வழி. ஜன்னலை ஒட்டிச் சாரம் கட்டியிருந்தால் இரவில் ஜன்னலைத் தாழிட்டுப் படுங்கள்.

வீட்டுக்குள் வருவதற்கு முன் நோட்டீஸ் தர வேண்டும் என்பது பல இடங்களில் பொது விதி. கனடாவின் ஒன்டாரியோவில் பழுதுபார்க்க வருவதற்கு 24 மணி நேரம் முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும், காலை 8 முதல் இரவு 8 வரைதான் வரலாம். இந்தியாவின் மாதிரிச் சட்டத்திலும் அதே 24 மணி நேரம்தான். பைப் வெடித்துத் தண்ணீர் கொட்டுவதுபோன்ற அவசரத்துக்கு இது பொருந்தாது. சாவியை மேஸ்திரி கையில் நேரடியாகக் கொடுக்காதீர்கள். உரிமையாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு வரி வாங்குங்கள்.

வேலையாட்களிடம் சண்டைக்குப் போகவும் வேண்டாம். அவர்களுக்கு இட்ட வேலையை அவர்கள் செய்கிறார்கள், அதே தூசியை நம்மைவிடப் பக்கத்தில் நின்று சுவாசிக்கிறார்கள். குறை எதுவானாலும் உரிமையாளரிடம் சொல்லுங்கள். ஒப்பந்தம் நமக்கும் அவருக்கும்தான்.

தினக்குறிப்பு

இதை ஒருவரும் ஆர்வமாகச் செய்வதில்லை. ஆனால் விசாரணைக்குப் போனால் முதலில் தேடுவது இதைத்தான். ஒரு பழைய நோட்டு போதும். இப்படி எழுதுங்கள்:

"செவ்வாய். தண்ணீர் காலை 9.20-க்கு நின்றது, இரவு 8.45-க்கு வந்தது. முன்னறிவிப்பு இல்லை. இரண்டு படம் எடுத்தேன். மாலை 6.10-க்கு உரிமையாளருக்குச் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை."

"புதன். ஆட்கள் யாரும் வரவில்லை. குளியலறைத் தரை திறந்தே கிடக்கிறது. பக்கத்து வீட்டில் குளித்தோம்."

ஆட்கள் வராத நாளையும் குறிப்பது முக்கியம். வேலை நீண்டதற்குக் காரணம் வேலையின் அளவா, அலட்சியமா என்று அந்த வெற்று நாட்கள்தான் சொல்லும். "மிகவும் மோசம்", "தாங்கவே முடியவில்லை" போன்ற வார்த்தைகளை விட்டுவிடுங்கள். நேரமும் அளவும் பேசட்டும்.

வாடகையை நிறுத்தாதீர்கள்

ஆத்திரத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்; அதிகம் பேர் சிக்கிக்கொள்வதும் இதில்தான். வாடகை நின்ற நாளிலிருந்து பேச்சு வேலையைப் பற்றியதாக இருக்காது, உங்கள் பாக்கியைப் பற்றியதாக மாறிவிடும். உரிமையாளருக்கு வெளியேற்ற வழக்குப் போட நேரான காரணம் கிடைத்துவிடும். ஜெர்மனியில் வீட்டில் குறை இருக்கும் காலத்துக்கு வாடகை சட்டப்படியே குறைகிறது. அங்கேகூட எரிசக்தி சேமிப்புக்கான மேம்பாட்டு வேலைக்கு முதல் மூன்று மாதம் அந்தக் குறைப்பு கிடையாது. வேறு பல இடங்களில் நீங்கள் விண்ணப்பித்து, வாடகை அதிகாரியோ தீர்ப்பாயமோ உத்தரவிட்ட பிறகுதான் குறைக்க முடியும்.

ஆகவே வாடகையைக் கட்டுங்கள். வங்கி வழியாகக் கட்டுங்கள். "குறைப்புக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். குறைப்பைத் தனிக் கடிதத்தில் கேளுங்கள். எந்த அறை, எத்தனை நாள், எந்த அளவுக்குப் பயன்படவில்லை என்று கணக்குப் போட்டுக் கேட்டால் பேச்சுவார்த்தைக்கு இடம் உண்டு. இரண்டு படுக்கையறையில் ஒன்று முப்பது நாள் பூட்டிக் கிடந்தது என்பது கணக்கு. "வீடே நாசமாயிடுச்சு" என்பது கணக்கு அல்ல. வெளியில் தங்கிய செலவு, துணி துவைக்கக் கொடுத்த செலவு எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருங்கள்.

காலி செய்யச் சொன்னால்

மெய்யாகவே வெளியேற வேண்டிய வேலையாக இருந்தால், கேள்வி ஒன்றுதான்: திரும்பி வர முடியுமா? ஒன்டாரியோவில் பெரிய பழுதுபார்ப்புக்காகக் காலி செய்யச் சொல்ல 120 நாள் நோட்டீஸ் வேண்டும். வேலை முடிந்ததும் திரும்பி வரும் உரிமை குடியிருந்தவருக்கு உண்டு. ஆனால் திரும்பி வர விரும்புவதாக வீட்டை விட்டுப் போவதற்கு முன்பே எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். போன பிறகு சொன்னால் பயனில்லை. அதே நாட்டில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2021 ஜூலை முதல், உரிமையாளர் முதலில் வாடகை ஆணையத்திடம் போய் உத்தரவு வாங்கினால்தான் இந்தக் காரணத்துக்காகக் காலி செய்ய வைக்க முடியும். மராமத்து என்ற பெயரில் பழைய ஆட்களை வெளியேற்றி, கூடுதல் வாடகைக்குப் புது ஆளை வைப்பது நிறைய நடந்ததால்தான் இப்படிக் கெடுபிடி வந்தது.

தற்காலிகமாகப் போவதென்றால், திரும்பும் தேதி, திரும்பும்போது வாடகை எவ்வளவு, இடைக்கால வாடகை யார் பொறுப்பு, முன்பணம் என்ன ஆகிறது, சாமான்களை எங்கே வைப்பது என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் படி இறங்காதீர்கள். பணம் தருகிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு தாளை நீட்டினால் அன்றைக்கே போட வேண்டாம். "வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அந்தத் தாளில் பெரும்பாலும் நீங்களாகவே விருப்பப்பட்டுக் காலி செய்வதாக ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி திரும்பி வரும் உரிமையை அடித்துவிடும்.

தனியாக நிற்காதீர்கள்

எங்கள் கட்டடத்தில் ஆறு குடும்பம். ஆறு பேரிடமும் "நீங்க மட்டும்தான் குறை சொல்றீங்க" என்றே சொல்லியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் உட்கார்ந்து அவரவர் போனைக் காட்டியபோதுதான் அது தெரிந்தது. அன்று மாலையே ஆறு பேரும் கையெழுத்திட்டு ஒரே கடிதம் கொடுத்தோம். மூன்றாம் நாள் வேலை அட்டவணை படிக்கட்டில் ஒட்டப்பட்டது. கீழ்வீட்டு அம்மாவுக்கு ஆஸ்துமா. சுவர் அறுக்கும் நாட்களில் அவரை எங்கே தங்க வைப்பது என்பதையும் அந்தக் கடிதத்தில்தான் கேட்டோம்.

புகாருக்குப் போவதானால் இரண்டு வாசல் இருக்கிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள். அனுமதி இல்லாத வேலை, விரிசல், அடைத்த படி எல்லாம் கட்டடப் பாதுகாப்பைப் பார்க்கும் உள்ளாட்சி அலுவலகத்துக்கு. வாடகைக் குறைப்பு, காலி செய்யும் நோட்டீஸ், முன்பணம் எல்லாம் வாடகை அதிகாரி அல்லது தீர்ப்பாயத்துக்கு. முதல் இடத்தில் ஆய்வாளர் எழுதும் அறிக்கை இரண்டாவது இடத்தில் நல்ல சாட்சி.

வேலை முடிந்த அன்று

உரிமையாளரோடு சேர்ந்து ஒரு முறை வீட்டைச் சுற்றி வாருங்கள், பழைய வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டு. கதவு இடிக்கிறதா, குளியலறைத் தண்ணீர் சரிவில் ஓடி வடிகிறதா, ஸ்விட்சில் அதிர்ச்சி அடிக்கிறதா என்று பாருங்கள். விட்டுப்போனதை எழுதித் தேதி போட்டு வாங்குங்கள். வேலையில் ஏற்பட்ட கீறலும் கறையும் நாளைக்கு உங்கள் முன்பணத்தில் கழியக்கூடாது என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

வாடகையைக் கூட்டக் கேட்டால், செலவில் பழுதுபார்ப்பு எவ்வளவு, மேம்பாடு எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஜெர்மனியில் மேம்பாட்டுச் செலவில் 8 சதவீதத்தை ஆண்டு வாடகையில் ஏற்றலாம், ஆனால் எப்படியும் செய்திருக்க வேண்டிய பழுதுபார்ப்பின் பங்கை அதிலிருந்து கழித்துவிட வேண்டும். உங்கள் ஊரில் விதி வேறாக இருந்தாலும் அந்தப் பிரிப்பைக் கேட்பதில் தவறில்லை.

குழாய் மாற்றியிருந்தால் குடிப்பதற்கு முன் எல்லாக் குழாய்களிலும் முனைச் சல்லடையைக் கழற்றிக் கழுவி, தண்ணீரைச் சில நிமிடம் ஓடவிடுங்கள். வெளியே கொடுத்த சாவிகளை எண்ணி வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும் பூட்டை மாற்றித் தரச் சொல்லுங்கள்.